முதல் தாயம் போட்டவர் யார்?

கேள்வி: தாயத்தில் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்குக்கு அந்தச் சலுகை இல்லை. ஏன் இந்தப் பாரபட்சம்?

பதில்: ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைத் தாயக்கட்டைக்கு நான்கு பக்கம். ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, கடைசிப் பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். மூன்று விழ 4 வழி உண்டு. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழி. தாயத்துக்கும் (அதாவது ஒன்றுக்கும்) ஐந்துக்கும் இரண்டிரண்டு வழிதான். ஆறு விழ வேண்டுமானால் இரு கட்டையிலும் மூன்று விழ வேண்டும். பன்னிரண்டுக்கு இரண்டுமே வெறுமையாக விழ வேண்டும். இவற்றுக்கு ஒவ்வொரு வழிதான். ஆக, எந்த எண்கள் அரிதாக விழுமோ அவற்றுக்குத்தான் மறு உருட்டு.

இதைவிட வியப்பானது ஒன்று இருக்கிறது. கட்டை இல்லாத வீடுகளில் ஆறு சோழியை, அல்லது ஒரு பக்கம் தேய்த்த ஆறு புளியங்கொட்டையை உருட்டுவார்கள். ஒன்று மட்டும் மல்லாந்தால் தாயம், எல்லாம் கவிழ்ந்தால் பன்னிரண்டு. சோழி இரு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் 64 வழிகள் வரும். மூன்றுக்கு 20, இரண்டுக்கும் நான்குக்கும் 15, தாயத்துக்கும் ஐந்துக்கும் 6, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒன்றே ஒன்று. உருட்டும் பொருள் அடியோடு மாறியும் அரிய எண்கள் அதே நான்கு! நிகழ்தகவு என்ற பாடம் கல்லூரிக்கு வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, திண்ணையில் உட்கார்ந்து யாரோ இதைக் கவனித்து விதியாக வைத்திருக்கிறார்கள். அவரை நான் ஆட்டம் அமைப்பவர்களில் பெரிய மேதை என்றே சொல்வேன். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கேள்வி: பரமபதத்தில் ஏணியைவிடப் பாம்பு அதிகமாக இருக்கிறது. குழந்தைகள் அழுகிறார்கள். கடையில் விற்கும் 'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' அட்டையில் அப்படி இல்லையே?

பதில்: வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிப்பதற்கு ஆடும் ஆட்டம் அது. வீடுபேறு எளிதில் கிட்டாது என்பதைக் காட்டத்தான் அத்தனை பாம்பு. சமணர்களும் இதே ஆட்டத்தை 84 கட்டங்களோடு, 'ஞான சௌபட்' என்ற பெயரில் ஆடியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குணமோ குற்றமோ ஓர் உலகமோ எழுதியிருக்கும். காய் நிற்கும் கட்டத்தைப் படித்துக் கதை சொல்வதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. 1890களில் இது லண்டன் கடைகளுக்குப் போனது. அங்கே சிக்கனம், உழைப்பு போன்ற விக்டோரியா காலத்து நற்குணங்கள் ஏணியடியில் ஏறின. பாம்பும் ஏணியும் ஏறக்குறைய சமமாயின. 1943இல் அமெரிக்காவின் மில்ட்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டுப் பூங்காவின் சறுக்குமரத்தைப் போட்டது.

பழைய அட்டையையே ஆடச் சொல்வேன். ஆனால் கட்டங்களை வாசித்தபடி ஆடுங்கள். கதை இல்லாமல் வெறும் உருட்டலாக ஆடினால் எந்தக் குழந்தைக்கும் அழுகைதான் வரும். அந்த ஆட்டத்தில் முடிவெடுக்க ஒன்றுமே கிடையாது.

கேள்வி: பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் ஏன் ஏழு வருகிறது?

பதில்: எப்போதும் அப்படி இருந்ததில்லை. மொகஞ்சதாரோவில் கிடைத்த பகடைகளில் ஒன்றுக்கு எதிரே இரண்டு, மூன்றுக்கு எதிரே நான்கு, ஐந்துக்கு எதிரே ஆறு. ஐரோப்பாவிலும் இடைக்காலத்தில் இந்த அமைப்பு பரவலாக இருந்து, 15ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஏழு நிலைத்தது. கையால் செதுக்கும் பகடை சற்றுத் தட்டையாகிவிட்டால் அந்தத் தட்டையின் இரு பக்கங்களே அடிக்கடி விழும். அவை ஒன்றும் இரண்டுமாக இருந்தால் ஆட்டம் சரியும். ஒன்றும் ஆறுமாக இருந்தால் சராசரி மாறாது. நம் கீழடியிலும் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன.

கேள்வி: 'டிரேட்' எங்கள் வீட்டில் எப்போதும் சண்டையில்தான் முடிகிறது. ஒருவர் ஊர்களையெல்லாம் வாங்கிவிடுகிறார்; மற்றவர்கள் வாடகை கட்டியே ஓட்டாண்டி ஆகிறோம். இப்படி ஓர் ஆட்டத்தை யார் யோசித்தார்கள்?

பதில்: 'டிரேட்' என்பது 'மோனோபோலி'யின் நம் ஊர் வடிவம். அப்படி ஓட்டாண்டி ஆக வேண்டும், ஆகி யோசிக்க வேண்டும் என்றே அதன் மூல ஆட்டத்தை அமைத்தவர் லிஸ்ஸி மேகி என்ற அமெரிக்கப் பெண். சுருக்கெழுத்தராக வேலை பார்த்தவர். ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளியல் சிந்தனையாளரைப் பின்பற்றியவர். நிலத்தின் மதிப்பு ஊர் வளர்வதால் உயர்கிறது, உரிமையாளரின் உழைப்பால் அல்ல. ஆகவே வரியை நிலத்தின் மீது போடுங்கள் என்பது ஜார்ஜின் வாதம். இதைக் கூட்டம் போட்டுப் பேசுவதைவிட ஆட்டமாக ஆடிக் காட்டலாம் என்று மேகி நினைத்தார். 1904இல் 'நிலக்கிழார் ஆட்டம்' என்ற பொருள்படும் பெயரில் காப்புரிமை பெற்றார். சுற்றிச் சுற்றி வரும் பாதை, ரயில் நிலையங்கள், மூலையில் சிறை, ஒரு சுற்று முடித்தால் கூலி எல்லாம் அதிலேயே இருந்தன. விதிகளை அவர் இரு வகையாக வைத்தார். ஒன்றில் ஒருவர் எல்லோரையும் கவிழ்த்து வெல்வார். மற்றதில் நில வாடகை பொதுவுக்குப் போய் எல்லோரும் சேர்ந்து செழிப்பார்கள். உலகம் முதல் வகையை மட்டும் எடுத்துக்கொண்டது.

அடுத்த முப்பது ஆண்டு அது கையால் வரைந்த அட்டைகளாகப் பரவியது. அட்லாண்டிக் சிட்டியில் க்வேக்கர் சமயத்தார் தங்கள் ஊர்த் தெருக்களின் பெயரைக் கட்டங்களில் எழுதினார்கள். பிலடெல்பியாவில் வேலை இழந்திருந்த சார்ல்ஸ் டாரோ அதை ஒரு நண்பர் வீட்டில் கற்று, 'மோனோபோலி' என்று தானே தயாரித்து விற்று, 1935இல் பார்க்கர் பிரதர்ஸுக்குக் கொடுத்தார். கோடீஸ்வரரானார். அதே ஆண்டு அந்த நிறுவனம் மேகியின் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. விற்பனையில் பங்கு கிடையாது. மறு ஆண்டு மேகி தன் பழைய அட்டையைப் பத்திரிகையாளர்களிடம் காட்டினார். பயனில்லை. 1948இல் அவர் இறந்தபோதும், பிறகு பல பத்தாண்டுகளும், ஆட்டத்தை உண்டாக்கியவர் டாரோ என்றே சொல்லப்பட்டது. உண்மை வெளியே வந்தது ஒரு வழக்கால். 1970களில் 'ஆன்டி-மோனோபோலி' என்ற ஆட்டத்தை வெளியிட்ட பொருளியல் பேராசிரியர் ரால்ஃப் அன்ஸ்பாக்குக்கும் பார்க்கர் பிரதர்ஸுக்கும் இடையே பெயர் உரிமை வழக்கு நடந்தது. தற்காப்புக்காக அவர் தேடப் போனதில் மேகியின் காப்புரிமை அகப்பட்டது.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார் வீட்டில் அந்தப் பெட்டியைத் திறந்தாலும் மேகியின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் ஆடுவேன்.

உங்கள் சண்டைக்கும் ஒரு வழி உண்டு. மோனோபோலியின் அச்சிட்ட விதிப்படி, ஒருவர் நின்ற ஊரை அவர் வாங்க மறுத்தால் வங்கி அதை ஏலம் விட வேண்டும், யாரும் கேட்கலாம். பெரும்பாலான வீடுகளில் இதை விட்டுவிடுகிறார்கள். ஏலம் விட்டுப் பாருங்கள். ஊர்கள் சீக்கிரம் தீரும், ஆட்டமும் இரவு வரை இழுக்காது.

கேள்வி: இப்போது வரும் ஜெர்மன் ஆட்டப் பெட்டிகளில், நாவல் அட்டையில் எழுத்தாளர் பெயர் போல, அமைத்தவர் பெயர் இருக்கிறது. இது எப்போது தொடங்கியது?

பதில்: பியர் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையில் தொடங்கியது. 1988இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியில் கூடிய ஆட்ட ஆசிரியர்கள் சிலர், ரைன்ஹோல்ட் விட்டிக் முன்னின்று, அப்படி ஓர் அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்: பெட்டியின் மேல் பெயர் போடாத பதிப்பகத்துக்கு ஆட்டம் தருவதில்லை. பதிப்பகங்கள் மெல்ல மெல்ல ஒத்துக்கொண்டன. 1979 முதல் அங்கே ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கு விருது கொடுக்கிறார்கள். அந்த விருதும் ஆசிரியர்களுக்குப் பெயர் தேடித் தந்தது.

1995இல் அதை வென்றது 'கட்டான்'. அமைத்தவர் கிளாஸ் டாய்பர், செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்தவர். அதன் எண் வில்லைகளை உற்றுப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் அடியில் சிறு புள்ளிகள். இரண்டு பகடையின் 36 வழிகளில் அந்த எண் எத்தனை வழியில் விழும் என்பதே அந்தப் புள்ளிகளின் கணக்கு. ஆறுக்கும் எட்டுக்கும் ஐந்து புள்ளி, சிவப்பில். தாயம் அமைத்தவர் மறு உருட்டுக்குள் ஒளித்துவைத்த கணக்கை டாய்பர் வெளிப்படையாக அச்சடித்திருக்கிறார்.

கேள்வி: எங்கள் ஆச்சி ஆடும் தாய விதி ஒன்று, பக்கத்து ஊரில் வேறு. எது சரி?

பதில்: இரண்டும் சரி. இரண்டையும் எழுதி வையுங்கள். எழுதாத விதி எப்படித் தொலையும், எழுதியது எப்படி மீளும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

இராக்கில் 'ஊர்' என்ற பெயருடைய பழைய நகரத்தின் அரச கல்லறைகளில் 1920களில் லியனார்டு வூலி தோண்டியெடுத்த 20 கட்ட ஆட்டப் பலகைகள் ஏறக்குறைய 4,500 ஆண்டுப் பழமை உடையவை. பலகை இருந்தது, ஆடும் முறை தெரியவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் கிடந்த பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றை இர்விங் ஃபிங்கெல் படித்தபோது விதிகள் புலப்பட்டன. கி.மு. 177இல் எழுதியது அது. எழுதியவர் தன் பெயரையும் அதில் பொறித்திருந்தார்: இத்தி-மர்துக்-பலாத்து. பிறகு ஃபிங்கெலுக்கு இன்னொரு தடயம் நம் பக்கத்திலேயே கிடைத்தது. கொச்சி யூதர் குடும்பங்களில் அதைப் போன்ற 20 கட்ட ஆட்டம் அண்மைக்காலம் வரை இருந்திருக்கிறது. கொச்சியில் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய ஒரு மூதாட்டி, சிறுவயதில் அதை ஆடியதை நினைவிலிருந்து சொன்னார்.

ஆகவே ஆச்சியிடம் கேளுங்கள். கட்டம் எத்தனை? காயை வெட்ட முடியாத மலை எந்தெந்த இடத்தில்? தாயம் விழாமல் காய் இறங்கலாமா? ஒரு காயாவது வெட்டாமல் உள்ளே ஏறலாமா? காயைக் கடைசிக் கட்டம் சேர்த்துப் பழம் ஆக்க எண் சரியாக விழ வேண்டுமா? மூன்று முறை அடுத்தடுத்துத் தாயம் விழுந்தால் அது நிற்குமா, அழியுமா? கோலத்தை ஆச்சி கையாலேயே வரையச் சொல்லுங்கள். தாளின் மேலே அவர் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் எழுதி எங்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள். பக்கத்து ஊர் விதியையும் அதே தாளின் பின்பக்கம் எழுதலாம், அதைச் சொன்னவர் பெயரோடு.