டாக்சி ஓட்டிய இசையமைப்பாளர்

அன்புள்ள தம்பிக்கு,

மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர் ஆகப்போகிறேன் என்றதும், "சோற்றுக்கு என்னடா செய்வாய்?" என்று வீட்டில் கேட்டார்களாமே. நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் பிலிப் கிளாஸ் அதை எப்படிச் சமாளித்தார் என்று சொல்கிறேன், கேள்.

1937இல் பால்டிமோரில் பிறந்தவர். அப்பா இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். காசு கொடுத்தவர் கைக்கே தட்டு போகும் என்பதைப் பார்த்து வளர்ந்ததால், இசையையும் காசையும் சேர்த்துப் பேச அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. நியூயார்க்கின் ஜூலியார்டில் படித்து முடித்த பிறகும், 1964இல் பாரிஸ் போய் இசை ஆசிரியை நாடியா புலாஞ்சேயிடம் ஹார்மனியையும் கவுண்டர்பாயிண்டையும் அரிச்சுவடியிலிருந்து கற்றார். அங்கேதான் சிதார் கலைஞர் ரவிசங்கரின் திரைப்பட இசையை மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்குக் குறிப்பெழுதித் தரும் வேலை கிடைத்தது. தாளக்கட்டு எழுத்தில் அடங்காமல் திணறடித்தது. தபலா கலைஞர் அல்லா ரக்கா வழிகாட்டினார். சிறு துண்டுகளைக் கூட்டியும் குறைத்தும் நீட்டிக்கொண்டு போகும் கிளாஸின் பாணி அந்தத் திணறலில் பிறந்ததுதான்.

ஊர் திரும்பியபோது பெரிய அரங்குகள் அழைக்கவில்லை. 1968இல் சொந்தக் குழு தொடங்கி, ஓவியர்களின் மாடிக்கூடங்களிலும் ஆர்ட் கேலரிகளிலும் வாசித்தார். தன் இசையை வாசிக்கும் உரிமையைப் பல ஆண்டுகள் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்க ஆசையா, இவர் குழுவைத்தான் அழைக்க வேண்டும்! கெட்டிக்கார மனிதர். வயிற்றுப்பாட்டுக்கு வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கினார், பிளம்பர் வேலை பார்த்தார், டாக்சி ஓட்டினார். கல்லூரி வேலை தேடிப் போகவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

1976இல் நாடக இயக்குநர் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து உருவாக்கிய 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' என்ற ஆபரா நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் இரண்டு இரவும் நிறைந்த கூட்டத்தோடு நடந்தது. மிஞ்சியது கடன். மறுபடியும் டாக்சி. காந்தியின் தென்னாப்பிரிக்க நாட்களைப் பற்றிய 'சத்தியாகிரகா'வை எழுதித்தரும்படி நெதர்லாந்திலிருந்து அழைப்பு வந்த பிறகே, 41 வயதில், டாக்சியை விட்டார். கீதையின் சமஸ்கிருத வரிகளையே பாடும் அந்த ஆபரா 1980இல் ராட்டர்டாமில் அரங்கேறியது.

ஆகவே வேலைக்குப் போ. மனசையும் சாயங்காலத்தையும் பிடுங்கிக்கொள்ளாத வேலையாகப் பார். எழுதுவதை உடனே வாசித்துக் காட்ட நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொள். யாராவது ஒப்பந்தம் நீட்டினால், உரிமை யாருக்கு என்ற பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அண்ணன்