மெட்டு வந்தாயிற்று, இனி உங்கள் முறை

சினிமாவுக்குப் பாட்டெழுத வருகிறவர்களில் பெரும்பாலோர் கவிதை நோட்டோடு வருகிறார்கள். இசையமைப்பாளர் அதைப் பிரித்துப் பார்ப்பது அபூர்வம். அவர் உங்கள் போனுக்கு ஒரு ட்யூன் அனுப்புவார். அதை 'லாலலா' என்றோ, அர்த்தமில்லாத டம்மி வார்த்தைகளோடோ அவரே பாடியிருப்பார். காட்சியை இயக்குநர் சில வாக்கியங்களில் சொல்வார். நாளைக்குள் நாலைந்து பல்லவி வேண்டும் என்பார்கள். எழுதிய பாட்டுக்கு மெட்டமைப்பதும் உண்டு, ஆனால் புதியவருக்கு அந்த வாய்ப்பு முதலிலேயே கிடைக்குமென்று நம்பி உட்கார வேண்டாம். மெட்டுக்கு எழுதப் பழகுங்கள்.

ட்யூன் வந்ததும் பேனாவை எடுக்காதீர்கள். வாய்விட்டுத் திரும்பத் திரும்பப் பாடுங்கள், பிறகு தத்தகாரமாக எழுதிக்கொள்ளுங்கள். 'தானன தானன தானா' என்று ஒரு வரி வருகிறது என வைத்துக்கொள்வோம். 'ஆடிய காலடி ஓசை' என்று போட்டால் அப்படியே உட்கார்ந்துவிடும். 'வருகிற காலடி ஓசை' என்று போட்டுப் பாருங்கள். மாத்திரைக் கணக்கு அதேதான், ஆனாலும் இடிக்கும். முதல் எழுத்தில் நின்று நீள வேண்டிய சுரம் 'வ', 'ரு' என்று இரண்டாக உடைந்துவிடுகிறது. கணக்கு சரியாக இருந்தும் பாட்டு தடுக்குவது இதனால்தான். இன்னும் மோசமான விபத்து, குறிலை இழுப்பது. நீண்ட சுரத்தில் 'மலை'யை வைத்தால் பாடகர் வாயில் அது 'மாலை' ஆகிவிடும், 'கலை' 'காலை' ஆகிவிடும். கேட்பவருக்கு வரியே மாறிப்போகும்.

வரி முடியும் இடத்துக்கும் இதே கவனம் வேண்டும். இழுத்து நிறுத்த வேண்டிய இடத்தில் 'காற்று', 'பாட்டு' போன்ற குற்றியலுகரச் சொற்களைத் தராதீர்கள். அந்த உகரம் நீளாது. உச்ச ஸ்தாயியில் ஆ, ஏ, ஓ போன்ற திறந்த நெடில்கள் பாடகருக்குச் சுகம். நா. முத்துக்குமாருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'தங்க மீன்கள்' (2013) பாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள்: 'ஆனந்த யாழை'. இரண்டு சொற்களும் 'ஆ' ஓசையைத் தாங்கியே தொடங்குகின்றன. எழுத்தில் அழகாக இருப்பதைவிட வாயில் இப்படி உட்காருவது பெரிய திறமை என்பது என் கட்சி.

சரி, பாட்டு ஏன் மனசில் ஒட்டுகிறது? இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி ஜாகுபோவ்ஸ்கி குழுவினர், சுமார் 3,000 பேரிடம் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் பாடல்கள் எவை என்று கேட்டு, அந்த மெட்டுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். அவை சற்று வேகமானவை. ஏற்ற இறக்கம் பழகிய வடிவில் இருக்கும், ஆனால் எங்கோ ஓரிடத்தில் எதிர்பாராத தாவல் ஒன்று வரும், அல்லது ஒரே சுரம் வழக்கத்தைவிடக் கூடுதல் முறை திரும்ப வரும். பழக்கமும் ஆச்சரியமும் சேர்ந்து வேலை செய்கின்றன. அதோடு அந்தப் பாடல்கள் நன்றாக ஓடியவையாகவும் இருந்தன. திரும்பத் திரும்பக் காதில் விழுவதும் ஒரு காரணம்தானே.

மெட்டு உங்கள் கையில் இல்லை. ஆனால் அந்தத் தாவல் எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. பல்லவியின் வலுவான சொல்லை அங்கே வையுங்கள். இணைப்புச் சொற்களையும் நிரப்புச் சொற்களையும் அங்கே வீணாக்காதீர்கள். 2011-இல் தனுஷ் எழுதிப் பாடி, அனிருத் இசையில் வந்த 'கொலவெறி' ஒரு நல்ல பாடம். ஒருமுறை கேட்டாலே கூடப் பாடிவிடக்கூடிய எளிய சொற்கள், மறுபடி மறுபடி வரும் ஒரே தொடர். அதைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் தொழிலின் பாதியைக் கற்க மறுக்கிறார்கள். சரணத்தில் உங்கள் கவித்துவத்தைத் தாராளமாகக் காட்டலாம். பல்லவி, ரசிகர் பாடுவதற்கானது.

பல்லவிகளைக் கொடுக்கும்போது நான்கும் நான்கு திசையில் இருக்கட்டும். ஒன்றின் சொல்லை மட்டும் மாற்றி நான்காக்கினால் அறையிலேயே தெரிந்துவிடும். திருத்தம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஒலிப்பதிவுக்கு அழைத்தால் அவசியம் போங்கள். பாடகர் எந்த எழுத்தில் மூச்சுக்குத் திணறுகிறார் என்பதை வேறெங்கும் கற்க முடியாது.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சம் வேண்டாம். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கு, உரிமையை வாங்கியவரோடு சமமாக ராயல்டி பெறும் உரிமை பாடலாசிரியருக்கு உண்டு. அதை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்த உரிமை உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உங்கள் குடும்பத்துக்கு நீடிக்கும். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்குமான பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகுங்கள். முதல் பாட்டு வெளியானதுமே படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயரோடு அதை அங்கே பதிவு செய்துவிடுங்கள்.