ஒரே கப்பல், ஒரே போன், இரண்டு படம்

கேள்வி: அத்தான் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார். அவரிடமும் சாம்சங் கலக்சி எஸ்24, என்னிடமும் அதே எஸ்24. என்னுடையது இங்கே வாங்கியது. பின்னேரம் உட்துறைமுக வீதியில் நின்று, சீனன்குடா மா ஆலையடியில் கட்டியிருந்த கப்பலை இருவரும் 3 மடங்கு சூமில் எடுத்தோம். அவர் படத்தில் பாரந்தூக்கிக் கம்பிகள் தனித்தனியே தெரிகின்றன. என் படம் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. "எனக்கு ஸ்னப்டிராகன், உனக்கு எக்சினோஸ், அதுதான் காரணம்" என்கிறார். இதை விற்றுவிட்டு அங்கிருந்து ஒன்று எடுப்பிக்கட்டுமா? இரண்டு படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.
— வாசகர், திருகோணமலை

பதில்: விற்க வேண்டாம். சிப் இரண்டு என்று அத்தான் சொன்னது சரிதான். 2024 ஜனவரியில் வந்த எஸ்24, கனடா, அமெரிக்கா, சீனாவில் ஸ்னப்டிராகன் 8 ஜென் 3 உடனும், நம் பக்கம் எக்சினோஸ் 2400 உடனும் விற்கப்பட்டது. முந்தைய எஸ்23க்கு இந்தப் பிரிவினை இல்லை; எஸ்24 அல்ட்ராவுக்கும் இல்லை. ஆனால் ரெலிபோட்டோ கமராவின் அளவுகள் இரண்டு போனிலும் ஒன்றே: 10 மெகாபிக்சல், 3 மடங்கு, எஃப்/2.4.

நீங்கள் அனுப்பிய படங்களின் விபரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அத்தானின் படம் 6.02க்கு எடுத்தது, எஃப்/2.4. உங்களுடையது 6.17, எஃப்/1.8. எஃப்/1.8 என்பது ரெலி லென்ஸே இல்லை, பிரதான கமரா! அந்தப் பதினைந்து நிமிடத்தில் திருமலையில் பொழுது எவ்வளவு விரைவாக இருட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ரெலி கமராவின் சென்சர் சிறியது, வாங்கும் வெளிச்சமும் குறைவு. வெளிச்சம் போதாது என்று கண்டதும் போன் சொல்லாமல் கொள்ளாமல் பிரதான கமராவுக்கு மாறி, அதன் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பித்துத் தருகிறது. திரையில் 3 என்ற எண் மட்டும் அப்படியே நிற்கும். ஆக, நீங்கள் ஒப்பிட்டது இரண்டு சிப்பை அல்ல, இரண்டு வேறு கமராக்களை.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். 3 மடங்கை அழுத்திவிட்டு, பின்னால் உள்ள மூன்று லென்ஸ்களில் நடுவில் இருப்பதை விரலால் மூடுங்கள். திரை இருண்டால் ஓடுவது பிரதான கமரா.

சிப்புக்கு வேலையே இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. சென்சரிலிருந்து வருவது இரைச்சல் நிறைந்த கச்சாத் தரவு. பல பிரேம்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, புள்ளி புள்ளியான இரைச்சலைத் துடைத்து, விளிம்புகளைக் கூராக்குவது சிப்பிலுள்ள பட முறைவழியாக்கிதான். இரண்டு சிப்பிலும் இந்தப் பகுதியின் அமைப்பு வேறு. அதனால் கமரா மென்பொருளையும் ஒவ்வொன்றுக்கும் தனியே பதப்படுத்துகிறார்கள். துடைப்பு கூடினால் கம்பியும் சேர்ந்து அழியும். குறைந்தால் வானம் மணல் தூவியதுபோல் ஆகும். நல்ல வெயிலில் துடைக்க அதிகமில்லை என்பதால் வித்தியாசமும் சொற்பம். மங்கலிலும் பெரிய சூமிலும்தான் வெளியே தெரியும். 10 மடங்கில் ரெலி கமராவின் ஒரு கோடிப் புள்ளிகளில் சுமார் 9 இலட்சம் மட்டுமே மிஞ்சும், மற்றதெல்லாம் போன் ஊகித்து நிரப்புவது. கப்பலின் பெயரை அந்த அளவில் வாசிக்க முயன்றால் இரு சிப்பும் இரு விதமாக எழுத்தை வரையக்கூடும். இரண்டையும் நான் நம்பமாட்டேன்.

உங்கள் இடத்துக்கே உரிய சிக்கல் இன்னொன்று. பின்னேரம் அந்த வீதியில் நின்றால் சூரியன் சீனன்குடாப் பக்கம் இறங்குகிறது. நேரே அதைப் பார்த்தே எடுக்கிறீர்கள். நீருக்கு மேலே ஆவி மூட்டம், லென்ஸில் உப்புக்காற்றின் படலம் வேறு. பழைய பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தாலே படத்தின் வெளிறல் குறையும்.

அத்தான் திரும்புவதற்குள் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு இருவரும் அதே இடத்துக்குப் போங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். போன்களைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, ஒரே நிமிடத்தில் எடுங்கள். ப்ரோ முறையில் ரெலி லென்ஸைத் தெரிந்து, ரோ (கச்சாத் தரவு) கோப்பாகவும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு போனிலும் எஃப்/2.4 என்று வந்தால் அந்தப் படங்களை எனக்கு அனுப்புங்கள். சிப்பைப் பற்றி அப்போது பேசுவோம்.