பக்கத்துப் பள்ளிக்குப் பாடம் சொல்ல வரும் மாணவர்கள்

கிராம முன்னேற்றம் என்றதும் கிணறும் சாலையும் தெருவிளக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. இவை கண்ணுக்குத் தெரியும் பணிகள். எத்தனை ரூபாய் செலவாயிற்று, எத்தனை அடி நீளம் போடப்பட்டது என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் கணக்குக் கேட்கிறோம். ஆனால் நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தை தன் பாடப்புத்தகத்தை எழுத்துக் கூட்டியாவது படிக்கிறதா என்று கேட்பவர் மிகச் சிலரே. படிக்கத் தெரியாமல் மேல்வகுப்புக்குச் செல்லும் குழந்தைக்கு அடுத்து வரும் ஆண்டுகளில் கணக்கும் அறிவியலும் வரலாறும் எல்லாமே புரியாத பாடங்களாகிவிடுகின்றன. நாளடைவில் பள்ளியே கசந்து போகிறது. ஆதலால் இக்குறையைத் தொடக்கத்திலேயே நீக்குவது பெற்றோர்க்கும் ஊராட்சிக்கும் உரிய கடமையாகும். இதற்கு உதவக்கூடிய ஒரு முறையை ஈண்டு ஆராய்வோம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்கள் தாமாக முன்வந்து பக்கத்துக் கிராமப் பள்ளியில் பாடம் சொல்லித் தருவதே அம்முறை.

குறை எங்கே உண்டாகிறது?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை பயிலும் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் இருத்தல் வேண்டும். சிறிய ஊர்களில் பெரும்பாலும் இதுவே நிலை. இரண்டு ஆசிரியர்களும் ஐந்து வகுப்புகளைப் பகிர்ந்துகொண்டால், ஒருவர் ஒரே வேளையில் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. மூன்று வகுப்புகளைக் கவனிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு வகுப்புக்கு 20 நிமிடங்களே ஒதுக்க முடியும். அந்த 20 நிமிடங்களில் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே படிக்கச் சொல்லிக் கேட்பது எளிதன்று. இதில் ஆசிரியர்மேல் குற்றமில்லை. அருகில் அமர்ந்து பொறுமையோடு கேட்க இன்னும் சில காதுகள் தேவைப்படுகின்றன.

நம் நாட்டு மணலில் பிறந்த முறை

மாணவரே மாணவர்க்குப் பாடம் சொல்வது நமக்குப் புதிதன்று. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் இளையோரை மணலில் விரலால் எழுதப் பழக்கினான். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் நடத்தச் சொன்னார். அங்கிருந்த உபாத்தியாயர் அது நடவாத காரியம் என்று கூறவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் அதைச் செய்து காட்டினான். 1797-இல் பெல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதன்பின் இம்முறை ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவிற்று. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பொருளைக்கொண்டு தோன்றிய பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்கப்படுகிறது.

இவ்வரலாற்றில் நாம் கற்கவேண்டியவை இரண்டு. கற்பிக்கும் மாணவன் தானும் தெளிவு பெறுகிறான் என்பது முதலாவது. இரண்டாவது ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்தில் செலவைக் குறைப்பதற்காக ஒரே ஆசிரியரின்கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்து, வேலை முழுவதையும் சிறுவர்களிடமே விட்டுவிட்டனர். கல்வி வெறும் ஒப்புவித்தலாகக் குறுகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அம்முறை கைவிடப்பட்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர்களை ஆக்கும் ஏற்பாடு வந்தது. தொண்டு செய்யும் மாணவன் ஆசிரியர்க்குத் துணையாவானேயன்றி, ஆசிரியரின் இடத்தை நிரப்ப மாட்டான். காலியான ஆசிரியர் பணியிடத்துக்குப் பதிலாக மாணவர்களை வைத்து ஒப்பேற்றுவதைப் பஞ்சாயத்து ஒருபோதும் ஏற்கலாகாது.

தொண்டர்களை எங்கே பெறுவது?

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பெற்றது. இதில் சேரும் கல்லூரி மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்யவேண்டும். மேல்நிலைப் பள்ளிகளிலும் இத்திட்டத்தின் கிளைகள் உள்ளன. ஏழு நாள் முகாமில் கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்து, மரக்கன்று நட்டுத் திரும்பும் மாணவர்களை நாம் கண்டிருக்கிறோம். அதே மாணவர்களை நம் பள்ளிக்கும் அழைக்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். பத்து மாணவர்கள் வாரத்துக்கு 2 மணி நேரம் வீதம் 30 வாரங்கள் வந்தால், ஒவ்வொருவரும் 60 மணி நேரம் கொடுக்கின்றனர். அஃது அவர்களின் ஓராண்டுத் தொண்டில் பாதியே. ஒருவர் மூன்று குழந்தைகளைக் கவனித்தால், பின்தங்கிய 30 குழந்தைகள் பயன் பெறுவர். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் அந்தந்த ஊர்த் தன்னார்வலரே மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை குழந்தைகளைப் படிக்க வைத்தனர். ஆகவே இஃது இயலாத காரியமன்று.

ஏற்பாடு செய்யும் வகை

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டவேண்டும். சட்டப்படி அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், ஊராட்சியின் பிரதிநிதிகளும் அதில் இடம் பெறுவர். தலைமை ஆசிரியரின் இசைவோடு, அருகிலுள்ள கல்லூரி அல்லது மேல்நிலைப் பள்ளிக்குக் கடிதம் எழுதவேண்டும். தைப் பொங்கலுக்குள் முடிப்பது நலம். அதன்பின் மேல்நிலை மாணவர்க்குப் பொதுத் தேர்வு நெருங்குகிறது. நெல் விளையும் பகுதிகளில் வீடுகளில் அறுவடை வேலையும் மிகுகிறது.

முதல் வாரத்தில் ஒவ்வொரு குழந்தையும் எழுத்தை அறிகிறதா, சொல்லைப் படிக்கிறதா, சிறு பத்தியைப் படிக்கிறதா, இரண்டு இலக்கக் கழித்தலைச் செய்கிறதா என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்தப் படியில் நிற்கிறது என்பதைக்கொண்டே குழந்தைகளைப் பிரிக்கவேண்டும். மாதந்தோறும் மீண்டும் சோதித்து முன்னேற்றத்தைக் குறிக்கவேண்டும். பேருந்துக் கட்டணம், சிலேட்டு, சுண்ணக்கட்டி, மணல் தட்டு, ஒருவேளை உணவு ஆகியவற்றுக்கு ஊரார் மனமுவந்து உதவினால் போதும்.

ஒரு மாதிரிப் பாடம்

52-இலிருந்து 27-ஐக் கழிக்கும் கணக்கில் ‘கடன் வாங்குதல்’ பல குழந்தைகளுக்கு விளங்குவதில்லை. தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டுகளும் இரண்டு தனிக் குச்சிகளும் குழந்தையின் முன் வையுங்கள். ஏழு குச்சிகளை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுதானே இருக்கின்றன என்று குழந்தை தயங்கும். ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். இப்போது நான்கு கட்டுகளும் பன்னிரண்டு குச்சிகளும் உள்ளன. ஏழு போக ஐந்து, நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு, விடை 25. இதைச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி மாணவனும் தான் மனப்பாடமாகச் செய்துவந்த கணக்கின் காரணத்தை அன்றுதான் எண்ணிப் பார்ப்பான்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நில அளவைக் கற்பிக்கலாம். 100 சென்ட் ஓர் ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பள்ளி முற்றத்தில் 66 அடி நீளமும் 33 அடி அகலமும் கயிற்றால் அளந்தால் 2,178 சதுர அடி, அதாவது சரியாக ஐந்து சென்ட் ஆகும். அன்று மாலையே பிள்ளை வீட்டுக்கொல்லையையும் அளந்து பார்க்கும். தகப்பனார் பட்டாவை எடுத்துக் காட்டுவார்.

மறவாமல் காக்கவேண்டியவை

வருகின்ற மாணவர்கள் தனித்தனியே அல்லாமல் இருவர் இருவராகவே, ஆசிரியர் பார்வையிலேயே பாடம் நடத்தவேண்டும். அடித்தலும் இழித்துப் பேசுதலும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. சாதி, ஏழைமை காரணமாக இடம் பிரித்து உட்காரவைத்தல் அறவே கூடாது. எல்லாவற்றினும் மேலாக, தொடங்கியதை இடையில் விடலாகாது. ‘அடுத்த சனிக்கிழமை வருகிறேன்’ என்று கூறிச் சென்ற அண்ணனும் அக்காளும் வராமற்போனால், ஏற்கெனவே தன்னம்பிக்கை இழந்த குழந்தை மேலும் ஒருபடி பின்வாங்கும். உறுதியாக வரக்கூடிய ஐவர், புகைப்படத்துக்காக ஒருநாள் வரும் ஐம்பதின்மரினும் மேலானவர்.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊர்ப் பள்ளியில் எத்தனை வகுப்புகளுக்கு எத்தனை ஆசிரியர்கள்? காலியிடம் இருப்பின் யாருக்கு எழுதியிருக்கிறோம்?

2. மூன்றாம் வகுப்பைத் தாண்டியும் பத்தி படிக்க இயலாத குழந்தைகள் எத்தனைப் பேர்?

3. பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள கல்லூரிகளும் மேல்நிலைப் பள்ளிகளும் யாவை? யார் சென்று பேசுவது?

4. ஆறு மாதத்துக்குப்பின் முன்னேற்றத்தைக் கிராம சபையில் படித்துக்காட்டும் பொறுப்பை யார் ஏற்பது?

இவற்றில் இரண்டாவது வினாவுக்கு விடை காண்பதிலிருந்தே பணியைத் தொடங்கலாம். அதற்குப் பணம் வேண்டுவதில்லை. ஒரு பிற்பகல் பள்ளிக்குச் சென்று, குழந்தைகள் படிப்பதை உட்கார்ந்து கேட்டாலே போதும்.