மின்னூலின் உள்ளே

பாட்டி சொன்ன தோட்டத்துக் கதைகளைத் தட்டச்சு செய்து மின்னூலாக்க நினைக்கிறீர்கள் எனக் கொள்வோம். திரையில் அந்நூல் ஒரே பொருளாகத்தான் தோன்றும். உண்மையில், ‘ஈபப்’ வகை மின்னூல் என்பது பல கோப்புகளை உள்ளடக்கிய ஒரு பெட்டி. நாம் அன்றாடம் கோப்புகளைச் சுருக்கி அனுப்பப் பயன்படுத்தும் ‘ஸிப்’ முறையிலேயே அதுவும் கட்டப்பட்டுள்ளது. ஒரு மின்னூலைப் படியெடுத்து, அதன் பெயரின் இறுதியில் உள்ள ‘ஈபப்’ என்பதை ‘ஸிப்’ என மாற்றித் திறந்து பாருங்கள். பூட்டு ஏதும் இடப்படாத நூலாக இருந்தால் உள்ளிருக்கும் அனைத்தையும் காணலாம்.

முதலில் இருப்பது ‘மைம்டைப்’ என்னும் மிகச் சிறிய கோப்பு. அதில் உள்ளவை 20 எழுத்துக்குறிகள் மட்டுமே. “இது ஒரு மின்னூல்” என்று வாசிப்புச் செயலிக்கு அறிவிப்பதே அதன் வேலை. அது பெட்டியில் முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும். அடுத்து, ‘மெட்டா-இன்ஃப்’ என்னும் கோப்புறை. அதிலுள்ள ‘கண்டெய்னர்’ என்ற கோப்பு, நூலின் முதன்மைக் கோப்பு எங்கே இருக்கிறது என வழிகாட்டுகிறது.

அந்த முதன்மைக் கோப்பே ‘ஓபிஎஃப்’. நூலின் பெயர், ஆசிரியர், மொழி ஆகிய விவரங்கள் அதில் உள்ளன. பெட்டியிலுள்ள அத்தியாயங்கள், படங்கள், எழுத்துருக்கள் அனைத்தையும் குறிக்கும் பட்டியலும் உண்டு. அதற்குப் பின் வருவதுதான் ‘ஸ்பைன்’, அதாவது முதுகெலும்பு. பொருத்தமான பெயர்தான்! எந்த அத்தியாயத்தை அடுத்து எது வரவேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. கோப்புகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அடுக்கினால் ‘அத்தியாயம் 2’க்கு முன்னால் ‘அத்தியாயம் 10’ வந்து நிற்கும். பாட்டியின் திருமணம் முடிந்த பிறகு அவர் பிறப்பார். முதுகெலும்பு சரியாக இருந்தால், கோப்புகளின் பெயர் எதுவாயினும் கதை குழம்பாது.

அத்தியாயங்கள் இணையப் பக்கங்களைப் போலவே எழுதப்படுகின்றன. அவற்றின் தோற்றத்தை வரையறுக்கும் பாணிக் கோப்பு தனியாக இருக்கும். படங்களுக்கும் எழுத்துருக்களுக்கும் தனித்தனிக் கோப்புறைகள் அமைப்பது வழக்கம், கட்டாயமன்று. ஆனால், தமிழ் நூலில் எழுத்துருவைச் சேர்த்து வைப்பது நல்லது. தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் கதை வெறும் கட்டங்களாகத் தெரியக்கூடும். பிறரது எழுத்துருவைச் சேர்ப்பதற்கு உரிமம் இடம் தருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோப்புப் பெயர்களை ஆங்கிலத்தில் இடும்போது இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆதலால் நாம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். படத்தின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, அத்தியாயத்தில் அது சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருந்தால், உங்கள் கணினியில் தெரிந்த பாட்டியின் படம் வேறொரு கருவியில் மறைந்துபோகலாம்.

திருத்தம் செய்தபின் மீண்டும் பெட்டியைக் கட்டும்போது பலர் வெளிக் கோப்புறையையே சுருக்கிவிடுகின்றனர். அப்போது ‘மைம்டைப்’ ஒரு படி உள்ளே போய்விடுவதால் செயலி நூலைத் திறக்க மறுக்கலாம். ‘ஈபப்செக்’ என்னும் இலவசச் சோதனைக் கருவி இத்தகைய பிழைகளைக் கோப்பின் பெயரோடு சுட்டிக்காட்டும். நூலைப் பிறருக்கு அனுப்பும் முன் அதில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.