சிறுவர் மேசைக்கு ஏற்ற மெருகு

சிறுவர் எழுதும் மர மேசை நாள்தோறும் ஈரக் கையையும் மைக்கறையையும் சூடான தம்ளரையும் தாங்குகிறது. மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்து ஈரக்காற்றும் இவற்றோடு சேர்கிறது. ஈரத்தை ஏற்ற மரம் உப்பும், உலர்ந்ததும் சுருங்கும். இவ்வசைவுக்கு இணங்காத பூச்சில் வெடிப்பு உண்டாகும்.

பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பெறப்படுவது. அது அழகுடையதேனும், நீர் தங்கின் வெளுக்கும்; சூட்டில் இளகும். பாலியூரித்தேன் வார்னிஷோ நீருக்கும் உராய்வுக்கும் ஈடுகொடுக்கும். மரம் உலர்ந்திருக்கும் கோடையிலேயே உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய பூச்சுகள் மூன்றை, ஒவ்வொன்றும் நன்கு உலர்ந்தபின் அடுத்ததாக இடுதல் வேண்டும். அடிப்பக்கத்தையும் பூசுக, இன்றேல் பலகை வளையக்கூடும்.

வண்ணம் பூசிய பழைய மேசையாயின் எச்சரிக்கை தேவை. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல் வகுக்கப்பெற்று, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதனை உலர்நிலையில் தேய்த்தால் எழும் தூசி, உடலிற் புகுந்து குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே உதிராத பழம்பூச்சைச் சுரண்டாது, நீர் நனைத்து இலேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, அதன்மீதே புதுப்பூச்சு இடுவது நலம். அவ்வேளை குழந்தைகள் அருகில் இருத்தலாகாது. மெருகின் பளபளப்பினும் குழந்தையின் நலனே முதன்மையானது என்பதை ஆசிரியர்கள் பெற்றோர்க்கு எடுத்துரைப்பாராக.