கனவு இல்லம்: கம்பம் பள்ளத்தாக்கில் வீடு கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது

ஆடிக் காற்று கம்பம் பள்ளத்தாக்கில் எப்படி அடிக்கும் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். கூரைமேல் கல்லையும் பழைய டயரையும் பாரம் வைத்துவிட்டு, "இந்த வருசம் தாங்கிருமா?" என்று அண்ணாந்து பார்க்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஏலத் தோட்ட வேலைக்கு விடியற்காலை ஜீப் ஏறிப் போகிறவர்களுக்கு, பிள்ளைகளை அந்தக் கூரைக்கடியில் விட்டுவிட்டுப் போகிறோமே என்ற பயமும் கூடவே மலை ஏறும்.

இப்படிக் குடிசையில் வாழ்வோருக்காக 2024-25 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்ததுதான் 'கலைஞரின் கனவு இல்லம்'. 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது இலக்கு. முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகளுக்கு, வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய் வீதம் 3,500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம்.

அறிவிப்பைக் கேட்டதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எங்க ஊருக்கு எத்தனை வீடு வந்திருக்கு?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: உங்கள் ஊர் எந்த வகை உள்ளாட்சி?

தேனி மாவட்டத்தில் இதைக் கவனிக்காமல் ஏமாறுகிறவர்கள் அதிகம். இங்கே 130 கிராம ஊராட்சிகள், 22 பேரூராட்சிகள், 6 நகராட்சிகள். கனவு இல்லம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான். உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் எல்லாம் பேரூராட்சிகள். சுருளிப்பட்டியும் நாராயணத்தேவன்பட்டியும் கிராம ஊராட்சிகள்; பக்கத்திலேயே இருக்கும் காமயகவுண்டன்பட்டி பேரூராட்சி. இருபக்கமும் அதே வாழைத் தோப்பு, அதே கூலி, அதே தகரக் கொட்டகை. ஆனால் சுருளிப்பட்டிக்காரர் போக வேண்டியது கம்பம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு. காமயகவுண்டன்பட்டிக்காரர் அங்கே போய் நின்றால், "உங்களுக்கு இங்க இல்லம்மா" என்றுதான் பதில் வரும். இது அலுவலரின் கோளாறு அல்ல, திட்டத்தின் எல்லை அப்படி. பார்ப்பதற்குக் கிராமமாகவே இருக்கும் பேரூராட்சிகளுக்கு இந்த எல்லை சற்றுக் கடுமையானதுதான்.

பேரூராட்சி, நகராட்சியில் இருப்பவர்களுக்கு வழி வேறு. நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த மனையில் தாமே கட்டிக்கொள்ளும் பிரிவு ஒன்று உண்டு. ஒன்றிய அரசின் பங்கு 1.50 லட்சம், அதற்குமேல் மாநிலத்தின் பங்கு. பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தை அணுகலாம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கி, 2021-இல் பெயர் மாறிய அதே வாரியம்தான் அது.

அடுத்தது பட்டா. "தாத்தா காலத்துல இருந்து இங்கதான் இருக்கோம்" என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் பட்டா இன்னும் அந்தத் தாத்தா பெயரிலேயே இருந்தால், பணி ஆணை பேரன் பெயருக்கு வருவதில் சிக்கல்தான். வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கம்பம், கூடலூர், சின்னமனூர்க்காரர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகம் உத்தமபாளையத்தில் இருக்கிறது. நேரில் போக நேர்ந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் பட்டியல் வரட்டும் என்று காத்திருக்காமல், பட்டாவை இப்போதே சரிபார்த்து வையுங்கள். வருசநாடு, மேகமலைப் பக்கம் வன நிலத்தில் குடியிருப்பவர்களுக்குச் சாதாரணப் பட்டா கிடைக்காது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கோர முடிந்தால், அந்த மனு கிராம சபையில்தான் தொடங்கும்.

கனவு இல்லப் பயனாளிகள் பட்டியலும் கிராம சபையின் பார்வைக்கு வரும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் அன்று ஒரு நாளாவது வீட்டிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். பெயர் விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். டீக்கடையில் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள்.

இனி பணத்துக்கு வருவோம். பலர் தடுமாறுவது இங்கேதான். 3.50 லட்சம் மொத்தமாகக் கைக்கு வராது. அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை, முழு வீடு என்று நிலை முடிய முடிய, ஒன்றியப் பொறியாளர் பார்த்த பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். அதாவது சுவர் முன்னால் போகும், பணம் பின்னால் வரும். முதல் தவணை வரும் வரைக்கும் கல்லுக்கும் மணலுக்கும் கொத்தனார் கூலிக்கும் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குக் கந்துவட்டி வாங்கினால், கூரை போடுவதற்குள் தவணையில் பாதி வட்டிக்கே போய்விடும். மகளிர் குழுக் கடனோ கூட்டுறவுச் சங்கக் கடனோ கிடைக்குமா என்று பணி ஆணை வாங்கும்போதே கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 3.50 லட்சத்தை 360-ஆல் வகுத்தால், சதுர அடிக்குச் சுமார் 970 ரூபாய். "கட்டுறதுதான் கட்டுறோம், இன்னொரு ரூம் சேர்த்துப் போட்ருவோம்" என்று அஸ்திவாரத்தை அகலமாக்கினால் உதவித்தொகை கூடாது. ஜன்னல் மட்டத்தோடு நின்று செடி முளைத்த சுவர்கள் பலவற்றின் கதை இதுதான். முதலில் 360 சதுர அடியை முடித்துக் குடியேறுங்கள். இன்னொரு ரூம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பணி ஆணை கைக்கு வருவதற்குமுன் பழைய குடிசையைப் பிரிக்காதீர்கள். பணி ஆணைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் திங்கட்கிழமை தேனி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம், 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணுக்கும் அழைக்கலாம். நாள்பட்டுப் பயன்படுத்தாத வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். ஒரு நூறு ரூபாய் போட்டு எடுத்து, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு முடிந்ததும் ஊராட்சிச் செயலரிடம் சொல்லி வீட்டு வரி போட்டுக்கொள்ளுங்கள். "வரி கட்டுறதுக்கு நாமளே போய்ச் சொல்லணுமா?" என்று தோன்றும். மின் இணைப்புக்கும் குடிநீர்க் குழாய்க்கும் போகும்போது முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.